சம்மாட்டியாருக்குக் கட்டின வேசம்

நேற்றுக் கூத்தில பபூன் ஏன் வரேல்லை எண்டு அந்தக் கச்சான்கடலைக்காரியிட்டக் கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள் எல்லோ, பிள்ளை. அவ தனக்குத் தெரியாது எண்டு சொல்லியிருப்பா. அவவுக்குத் தெரியும். இந்தத் துறையில லோஞ்சிக்குக் காத்துக்கொண்டு நிக்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பபூன் நான்தான்.

இப்பிடி நிழலுக்கு வாங்கோ. பெருநாள் முடிஞ்ச அடுத்தநாள் லோஞ்சி எப்பவும் பிந்தித்தான் வெளிக்கிடும். ஐஸ்கிறீம்காரன்ட பெட்டி, வளையல்கார நானாவின்ர தட்டுகள், பாண்ட் வாத்தியக்காரற்ற பெரிய மேளம் எல்லாம் ஏத்தி முடியவேணும். அந்த மேளத்தை ஏத்தேக்குள்ள ஒவ்வொரு வருசமும் ஆரோ ஒருத்தர் கடலுக்க விழுவினம். விழுந்தவரைப் பாத்து மற்றவை சிரிப்பினம். அவ்வளவுதான் எங்கட முருகைத்தீவு.

உங்கட பேச்சைக் கேக்க மட்டக்களப்புப் பக்கம் போல கிடக்கு. முதல்தரம் வாறியளோ. எங்கட கோயில் புனிதர் சந்தியோகுமையோரைப் பாத்தியள்தானே, வெள்ளைக் குதிரையில, கையில வாளோட. அவற்ற சுரூபத்தைக் கூட்டில வைச்சுத் தோளில தூக்கிக்கொண்டு வரேக்குள்ள, குதிரைக்கு எண்டு சனம் அவிச்ச கடலையை ஓலைப்பெட்டியில கொண்டுவந்து நீட்டும். எங்கட கத்தோலிக்க வேதச் சனம் மட்டுமில்லை, வடக்குக் கரையில இருக்கிற சைவச் சனமும் நேத்தி வைச்சுக் கடலை கொண்டுவரும். அவையின்ர அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நாங்கள் தண்ணிப்பந்தல் போடுவம். நேவிப் பெடியளும் வரிசையில நிண்டு கடலை வாங்கித் தின்னுவாங்கள். ஊர் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக் கடதாசிக் கொடி, காத்தில படபடவெண்டு அடிக்கும். ஆடி மாசம் எல்லோ, சோளகக் காத்துப் பிடிச்சு அடிக்கிற நேரம். உடுத்த சீலை உடம்பில நிக்காது.

அந்தக் காத்துக்குத்தான் முந்தி பாய்வள்ளப் போட்டி நடக்கிறது. பெருநாள் அண்டு, பூசையும் சுற்றுப்பிரகாரமும் முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட்ட பிறகு. நீங்கள் நேற்றுப் பாத்த கூத்து, அந்தப் போட்டிக்குப் பதிலா, அதே நேரத்திலதான் வைக்கிறது. போட்டியை நிப்பாட்டினது என்ர மனுசனால. அவர் செத்ததால.

என்ர மனுசன்ர பேர் பிலேந்திரன். உயரமில்லை. கோவம் கொஞ்சம் கூட. வஸ்தியாம்பிள்ளைச் சம்மாட்டியாற்ற வள்ளத்தில கன காலம் தொழில் செய்துபோட்டு, பிறகு தானும் ஒரு வள்ளம் வாங்கினவர். சம்மாட்டியார் எண்டால் இஞ்ச வள்ளமும் வலையும் சொந்தமா வைச்சு ஆளைப்போட்டுத் தொழில் செய்யிறவர். பெரியாள். என்ர மனுசன் விலகி வந்ததில அவருக்குக் கோவம் இருக்கேல்லை எண்டு ஊர் சொல்லும். ரெண்டு பேரும் பின்னேரத்தில ஒரே தவறணையில இருந்து கள்ளுக் குடிக்கிறவை, கோயில்ல பக்கத்தில பக்கத்தில நிண்டு பாடுறவை. அதெல்லாம் உண்மை. நான் இல்லை எண்டு சொல்லேல்லை. ஆனா உள்ளுக்க என்ன இருந்தது எண்டு ஆருக்குத் தெரியும்.

சண்டைக் காலத்தில கடலுக்க இறங்க விடேல்லை. போட்டியும் நிண்டு போச்சு. சண்டை முடிஞ்ச பிறகு வந்த முதல் போட்டி அது. முழுத்தீவும் கரையில நிண்டது. அங்காலத் தீவுகளில இருந்தும் சனம். ஸ்பீக்கரில ஒருத்தர் விடாமல் கத்திக்கொண்டிருக்கிறார், எந்த வள்ளம் முந்துது எண்டு. என்ர மனுசன்ர வள்ளம் நீலப் பாய். சம்மாட்டியாற்றது வெள்ளை. என்ர மனுசனோட குயின்ரன் எண்டு அவற்ற மச்சான் முறையான பெடியன் சுக்கான் பிடிச்சவன். வள்ளம் காத்துக்குச் சாயாமல் இருக்க வெளியில பலகை நீட்டி, அதில என்ர மனுசன் குந்திக்கொண்டு இருந்தவர்.

பலகை முறிஞ்சுது. அவர் விழுந்தார்.

காலமை குடிச்சவரோ எண்டு பொலிசு கேட்டது. பெருநாள் அண்டு ஆர் குடிக்கேல்லை, பிள்ளை. ஒரு போத்தில் கள்ளு என்ர மனுசனுக்குத் தண்ணி மாதிரி. பலகை பழசு, மாத்தவேணும் எண்டு குயின்ரன் முதல் நாள் சொன்னவனாம். சொல்லியிருப்பான். அதுக்கும் இதுக்கும் என்ன.

வள்ளம் ஓடுற வேகத்துக்குக் குயின்ரனால உடன திருப்பேலாது. பின்னால வந்தது சம்மாட்டியாற்ற வள்ளம். என்ர மனுசனுக்குக் கிட்ட, எட்டிப் பிடிக்கிற தூரத்தில வந்தது. என்ர மனுசன் கையைத் தூக்கினார். வெள்ளைப் பாய் நிக்கேல்லை. நேர போய் முதலாவதா வந்து கோப்பை எடுத்தது.

நான் இதைக் கண்ணால கண்டனான். பொலிசுக்கும் சொன்னனான், பாதருக்கும் சொன்னனான். அந்த நேரம் செறாபீன் கோயிலுக்குப் பின்னால வேம்புக்குக் கீழ கிடுகு பின்னுற போட்டியில எல்லோ இருந்தவ எண்டு சில பேர் சொல்லுவினம். இருந்தனான்தான். சத்தம் கேட்டு ஓடி வந்தனான். ஓடி வந்து கண்டனான். கண்டதைக் கண்டன் எண்டுதானே சொல்லவேணும்.

பொழுது சாயேக்குள்ள முருகைக்கல் பக்கமா அவரைக் கண்டெடுத்தவை. தலையில அடி. அந்த நேரம் சம்மாட்டியாரைத் தோளில தூக்கிக்கொண்டு பாண்ட் அடிச்சுக்கொண்டு சனம் வருகுது. அவர் செத்த செய்தி அவைக்கு இன்னும் போகேல்லை. ரெண்டு கூட்டமும் கோயில் வாசலில சந்திச்சுது. பாண்ட் அடிக்கிறவன் உடன நிப்பாட்டேல்லை, அவனுக்குத் தெரியாது பாருங்கோ. அந்தப் பாட்டு இண்டைக்கும் என்ர காதுக்க நிக்குது.

எட்டாம் நாள் பூசைக்குப் பிறகு அந்தாள், சம்மாட்டியார், என்ர வீட்டுக்கு வந்தார். மனுசி மாகிறேற்றையும் கூட்டிக்கொண்டு. கதிரை குடுத்தனான், இருக்கேல்லை. நிண்டுகொண்டே சொன்னார்.

“செறாபீன், அவன் என்னைப் பாத்துக் கையைத் தூக்கினவன்தான். உதவிக்கு இல்லை. போ, போ எண்டவன். சிரிச்சுக்கொண்டு சொன்னவன். நீந்தி வந்திடுவான் எண்டு நினைச்சிட்டன். நான் நிண்டிருக்கவேணும்.”

கேட்டியளே பிள்ளை. செத்த மனுசன் எழும்பி வந்து இல்லை எண்டு சொல்லவோ போறார். “தேத்தண்ணி குடிக்கிறியளோ” எண்டன். மாகிறேற் அழுதா. அவ என்ர மூத்தவள் பிறக்கேக்குள்ள தன்ர கையால பிடிச்செடுத்தவ. கடல் கொந்தளிப்பு, ஆஸ்பத்திரிக்கு வள்ளம் ஓடாத நாள். அவவில எனக்கு ஒரு கோவமும் இல்லை. ஆனா அவ அந்தாளின்ர மனுசி எல்லோ.

அதுக்குப் பிறகு கிழமைக்கு ஒருக்கா எங்கட வீட்டுப் படலையில மீன் தொங்கும். அந்தாள்தான் ஆரிட்டையோ குடுத்து அனுப்புறது. பாரை, விளைமீன், நல்ல மீனாப் பாத்து. குத்தம் செய்த நெஞ்சு எண்டு தெரியுதுதானே. நான் பூனைக்குப் போட்டனான். பிள்ளையள் எடுத்துப் பொரிச்சுத் திண்டால் திண்டிருக்குங்கள். நான் வாயில வைக்கேல்லை.

கன காலம் நான் ஒண்டும் செய்யேல்லை. என்ன செய்யிறது. பொலிசு விபத்து எண்டு எழுதிப்போட்டுது. பாதர் மன்னிக்கச் சொன்னார். நான் மன்னிச்சன் எண்டு சொன்னனான். பிள்ளையளை வளத்தன், நண்டு பொறுக்கினன், கிடுகு பின்னி வித்தன். பெருநாளுக்குப் பெருநாள் அந்தாள் முன்வரிசையில கதிரை போட்டு இருப்பார், நான் பின்னால மணலில இருப்பன்.

பிறகுதான் இந்தக் கூத்து வந்தது. ஊரில ஆம்பிளையள் குறைஞ்சு போச்சினம். பாதி கனடா, பாதி பிரான்ஸ். கூத்துப் பழக்கிற அலோசியஸ் அண்ணாவியார் பொம்பிளையளும் ஆடலாம் எண்டு சொல்லி ஆள் சேத்தார். ராணி வேசத்துக்கு அடிபாடு, செட்டை கட்டின சம்மனசு வேசத்துக்கு அடிபாடு. நான் போய் எனக்குப் பபூன் வேசம் தாங்கோ எண்டன். அண்ணாவியார் என்னை ஏற இறங்கப் பாத்தார்.

“பபூன் பாட்டில்லாத வேசம், பிள்ளை. சனத்தைச் சிரிக்க வைக்கவேணும். நீ ஊரில சிரிச்சு ஆரும் கண்டதில்லை.”

“நான் சிரிக்கத் தேவையில்லைத்தானே அண்ணாவியார். சனம் சிரிச்சால் காணும்.”

எங்கட கூத்தில ராசா மந்திரி எல்லாரும் கொப்பியில எழுதினதைத்தான் பாடவேணும். பபூன் மட்டும் தன்ர பாட்டுக்குக் கதைக்கலாம். ஊரில ஆரைப் பற்றியும் கதைக்கலாம். மேடையில பபூன் சொன்னதுக்கு ஊரில ஒருத்தரும் கோவிக்கக்கூடாது. அது வழக்கம். அந்த வழக்கம் எனக்குச் சின்ன வயசிலயே தெரியும்.

நான் அந்தாளைப் படிக்கத் தொடங்கினன். கிணத்தடியில நிண்டு பாப்பன். துறையில மீன் பிரிக்கேக்குள்ள பாப்பன். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். சாரத்தை மடிச்சுக் கட்டினால் முன்தொங்கலை ரெண்டு தரம் தட்டுவார். கதைக்க முதல் ஒரு செருமல், “ம்க்கும்.” ஆர் என்ன சொன்னாலும் “அப்பிடியே” எண்டு ஒரு இழுவை. சந்தோசம் எண்டால் வலது காதைச் சொறிவார், கவலை எண்டால் இடது காதை. மாகிறேற்றுக்கே அது தெரிஞ்சிருக்காது. கண்ணாடிக்கு முன்னால நிண்டு நான் அந்த நடையை நடந்து நடந்து, கடைசியில இருட்டில ஆரும் கண்டால் சம்மாட்டியார் எண்டு வழிவிடுற அளவுக்கு வந்திட்டுது. என்ர மனுசன் எப்பிடி நடக்கிறவர் எண்டு கேட்டியள் எண்டால் எனக்கு இப்ப சொல்லத் தெரியாது, பிள்ளை. இவற்ற நடையை நித்திரையிலயும் நடப்பன்.

அந்தக் கூத்து ஒரு ராசா கடல் கடந்து போற கதை. கப்பல் ஓடுற இடத்தில பபூன்தான் சுக்கான்காரன். முதல் வருசம், பின்னேர வெயில், கோயில் முத்தம் நிறையச் சனம். முகத்தில வெள்ளை பூசி, மூக்கில சிவப்பு வைச்சு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஏறினன். இடது காலை இழுத்து ரெண்டடி வைச்சன். முன்தொங்கலைத் தட்டினன். “ம்க்கும்” எண்டன்.

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்தாளும் சிரிச்சார். முன்வரிசையில இருந்து, வலது காதைச் சொறிஞ்சுகொண்டு, மாகிறேற்றைத் தட்டிக் காட்டி, என்னைத்தான் செய்யிறாள் எண்டு சந்தோசமாச் சிரிச்சார். நான் அதைத்தான் எதிர்பாத்தனான். நல்லாச் சிரிக்கட்டும் எண்டு விட்டன்.

பிறகு கப்பலில இருந்து ஒரு சேவகன் கடலுக்க விழுறான். அது கொப்பியில இல்லை, நான் வைச்சது. சேவகனா நடிச்ச பெட்டைக்கு நான் சொல்லிக் குடுத்தனான், விழுந்திட்டுக் கையை மட்டும் தூக்கு எண்டு. அவள் தூக்கினாள். நான் எட்டிப் பாத்தன்.

“ம்க்கும். ஒரு கை தெரியுது. என்னவாம். போ எண்டுதாம். அப்பிடியே. அப்ப நாங்கள் போவம். கோப்பை காத்துக்கொண்டு நிக்குது.”

கடதாசிக் கொடி அடிக்கிற சத்தம் மட்டும். மாகிறேற் விசுக்கிக்கொண்டிருந்த விசிறியை மடியில வைச்சா. பின்னால ஒருத்தன், ஆரெண்டு தெரியாது, “பிலேந்திரன்” எண்டு மெல்லச் சொன்னான். அது அப்பிடியே வரிசை வரிசையாப் பரவிச்சுது. பிறகு ஒருத்தன் சிரிச்சான். அதோட எல்லாரும் சிரிச்சினம். முதல் சிரிச்ச சிரிப்பு வேற, இது வேற. நான் மேடையில நிண்டு அந்தாளைப் பாத்தன். கை இடது காதுக்குப் போச்சு.

எழும்பிப் போவார் எண்டு நினைச்சன். போகேல்லை. மங்களம் பாடி முடியுமட்டும் இருந்தார். முடிஞ்ச பிறகு மேடைக்குப் பின்னால வந்தார், நான் தேங்காயெண்ணை போட்டு முகத்தைத் துடைச்சுக்கொண்டு நிக்கிறன்.

“நல்லாச் செய்தாய், செறாபீன்” எண்டார். “நடை சரியா வந்திருக்கு.”

என்ன திமிர் பாருங்கோ.

அடுத்த நாளில இருந்து ஊர் பாத்துக்கொண்டுது. நான் ஒண்டும் செய்யத் தேவை வரேல்லை. அவர் றோட்டால வந்தால் சின்னனுகள் வேலிக்கு மேலால கையைத் தூக்கும். தவறணையில அவர் வந்து இருந்தால் ஆரோ ஒருத்தர் “போ எண்டுதாம்” எண்டுவினம். அவற்ற வள்ளத்தில போக ஆள் இல்லாமல் போச்சு. கடலில ஒண்டு நடந்தால் இவர் நிப்பாரோ எண்டு பெண்சாதிமார் விடேல்லை. மகனுக்கு அக்கரையில பேசின கலியாணம் குழம்பிச்சுது. அதுக்கு நான் பொறுப்பில்லை. நான் சொன்னது மேடையில. மேடையில சொன்னதுக்கு ஆரும் கோவிக்கக்கூடாது.

அடுத்த வருசமும் சனம் கேட்டுது. நான் இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்தன். அதுக்கடுத்த வருசம் அவர் கூத்துக்கு வரேல்லை, வீட்டுக்குள்ள இருந்திட்டார். நான் ஸ்பீக்கர்க்காரனிட்டச் சொல்லி ஒரு குழாயை அவற்ற வீட்டுப் பக்கமாத் திருப்பிக் கட்டுவிச்சன். வராட்டிக் கேக்காதோ.

என்ர மூத்தவள் மெற்றில்டா மட்டும் பிடிக்கேல்லை எண்டாள். “அம்மா, காணும். அப்பாவைக் கையாக்கிப்போட்டியள். சனத்துக்கு அவர் ஒரு கை மட்டும்தான் இப்ப” எண்டாள். விளங்காத கதை. அவள் கலியாணம் முடிச்சு அக்கரைக்குப் போன பிறகு பெருநாளுக்கு வாறது குறைவு. வேலை கூட எண்டு சொல்லுவாள். ஆஸ்பத்திரியில வேலை செய்யிற பிள்ளைக்கு லீவு எடுக்கிறது கஷ்டம்தானே.

போன வருசம் குயின்ரன் வந்தான். அந்த நாள் சுக்கான் பிடிச்ச பெடியன். இப்ப பிரான்சில, தொந்தியும் வயிறுமா. கூத்துப் பாத்திட்டு அடுத்த நாள் என்ர வீட்டுக்கு வந்து அழுதான்.

“அக்கா, இப்பிடி நடக்குதெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அத்தான் போ எண்டுதான் கத்தினவர். எனக்குக் கேட்டது. ‘உன்ர வள்ளத்தில ஏறி வர எனக்கு வெக்கமில்லையோ, போடா வஸ்தி’ எண்டு சிரிச்சுக்கொண்டு கத்தினவர். தலையில அடிபட்டது அவருக்கே தெரிஞ்சிருக்காது. நான் பொலிசுக்குப் பயத்தில ஒண்டும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு, வெளிநாடு வெளிக்கிட்டிட்டன்.”

நான் கேட்டன், “இதை வேற ஆருக்கும் சொன்னனியோ.”

“இல்லை அக்கா.”

“அப்ப சொல்லாதை.”

என்னை அப்பிடிப் பாக்காதேங்கோ, பிள்ளை. குயின்ரன் சொல்லுறது உண்மையெண்டு என்ன நிச்சயம். அந்தாள் அவனுக்கும் ஏதும் குடுத்திருக்கலாம். அப்பிடியே உண்மை எண்டாலும், வெக்கத்துக்கும் விளையாட்டுக்கும் உயிரை விட்ட விசரன் எண்டு என்ர மனுசனை ஊர் சொல்ல நான் விடுவனோ. அவர் கை தூக்கினவர், அவை நிக்காமல் போயிட்டினம். இதுதான் நடந்தது. உங்களுக்குச் சொல்லுறது நீங்கள் இந்த லோஞ்சியில ஏறிப் போயிடுவியள் எண்டதாலதான்.

இந்த வருசம் கொடியேத்தத்துக்கு முதல் நாள் அந்தாள் என்ர வீட்டுக்கு வந்தார். ரெண்டு வருசமா அக்கரையில மகனோட இருந்து, பெருநாளுக்கு மட்டும் வந்துபோனவர். ஆள் பாதியாப் போனார். சிறுநீரகமாம். மாகிறேற்றின்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டார். இந்த முறை நான் கதிரை குடுக்க முதலே இருந்திட்டார்.

“செறாபீன், இந்த முறையும் வேசம் கட்டுறாய்தானே.”

நான் இதுக்குத்தான் இவ்வளவு காலமும் காத்துக்கொண்டிருந்தனான். வந்து கேக்கட்டும், காலில விழட்டும், கட்டாதை எண்டு மண்டாடட்டும் எண்டு.

“கட்டுவன்” எண்டன். “ஏன், கட்டாதை எண்டு கேக்க வந்தனீங்களோ.”

“இல்லை, பிள்ளை. கட்டு எண்டு சொல்லத்தான் வந்தனான்.”

எனக்கு விளங்கேல்லை. அவர் செருமிக்கொண்டு சொன்னார்.

“பிலேந்திரன்ர ஆண்டுப் பூசைக்கு ஆர் வருகினம். பெருநாளுக்கு அடுத்த நாள் விடிய, ஊர் களைச்சுப் படுத்திருக்கும். நீ முன்னுக்கு இருப்பாய், நானும் இவவும் கடைசி வாங்கில இருந்திட்டு நீ திரும்ப முதல் போயிடுவம். வேற ஒருத்தரும் இல்லை. கூத்தில நீ அந்த இடத்துக்கு வரேக்குள்ள மட்டும்தான் முழுச்சனமும் அவன்ர பேரைச் சொல்லுது. அதைக் கேக்கத்தான் நான் வீட்டுக்குள்ள இருந்தாலும் காதைக் குடுத்துக்கொண்டு இருக்கிறனான். நீ குழாயைத் திருப்பிவிட்டது நல்லது. இந்த முறை ஒருக்கா முன்னுக்கு இருந்து பாக்கவேணும். அடுத்த பெருநாளுக்கு நான் இருக்கமாட்டன் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார்.”

மாகிறேற் என்னைப் பாத்தா. பாத்தியளே அந்தாளின்ர கெட்டித்தனத்தை. நான் இவ்வளவு பாடுபட்டுக் கட்டின வேசத்தை, தனக்குக் கட்டினதெண்டு எடுத்துக்கொண்டு போறார். இவ்வளவு வருசமும் நான் அந்தாளுக்கு அடிச்சன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்க, அவர் பூசை கண்டமாதிரி இருந்து கேட்டிருக்கிறார். என்ர மனுசன் என்ர மனுசன். அவருக்கு அழுறதெண்டால் நான்தான் அழவேணும். இவர் ஆர்.

“தேத்தண்ணி குடிக்கிறியளோ” எண்டன். குடிச்சினம். போச்சினம்.

அண்டைக்கே அண்ணாவியாரிட்டப் போய்ச் சொன்னன், இந்த முறை பபூன் இல்லை எண்டு. அவர் மண்டாடிப் பாத்தார். வேற ஆளைப் போடட்டோ எண்டார். போட்டால் கூத்தே நடக்காது எண்டன். நான் சொன்னால் செய்வன் எண்டு அவருக்குத் தெரியும்.

நேற்றுப் பின்னேரம் நல்ல சீலை உடுத்து, தலைக்குப் பூ வைக்கேல்லை, மற்றபடி எல்லாம் வடிவா வெளிக்கிட்டு, முன்வரிசைக்குப் போனன். அந்தாள் முன்னமே வந்து இருந்திட்டார். வெள்ளைச் சேட்டு, மடியில கடதாசியில சுத்தின ஒரு கச்சான் சரை. மாகிறேற் என்னைக் கண்டிட்டு ஒரு கதிரை தள்ளி இருந்தா. நான் நடுவில, அவருக்குப் பக்கத்தில இருந்தன். நான் மேடை ஏறப்போறதில்லை எண்டு அவர் நல்லாக் காணவேணும் எண்டுதான். வேற ஒண்டுக்கும் இல்லை.

“நேரமாச்சு. முகத்துக்குப் பூசேல்லையோ” எண்டார்.

“இல்லை. இந்த முறை பபூன் இல்லை.”

நான் அவற்ற பக்கம் திரும்பிப் பாக்கேல்லை. கை எந்தக் காதுக்குப் போனது எண்டு எனக்குத் தெரியாது.

கப்பல் வந்தது. சுக்கானைப் பிடிக்க ஆளில்லை. அண்ணாவியார் மத்தளத்தை அடிச்சு நிரப்பிப் பாத்தார். நீங்களும் பாத்தனீங்கள்தானே, சனம் பபூன் எங்க, பபூன் எங்க எண்டு கேக்கத் தொடங்கிச்சுது. பின்னால சின்னனுகள் கையைத் தூக்கிக்கொண்டு எழும்பிச்சுதுகள். பிறகு ஆரோ எங்கள் ரெண்டு பேரையும் கண்டிட்டினம். ஒருத்தர் மற்றவருக்குக் காட்டினம். அப்பிடியே எல்லாச் சத்தமும் அடங்கிப் போச்சு. ராசா தன்ர பாட்டுக்குக் கடலைப் பாத்துப் பாடிக்கொண்டு நிண்டார்.

அந்தாள் கச்சான் சரையை என்ர பக்கம் நீட்டினார். சரை சரிஞ்சு கச்சான் மணலில கொட்டுது. ஊர் பாத்துக்கொண்டிருக்கு, வாங்காட்டி நான் பயந்து போனன் எண்டு நினைக்கும். வாங்கினன். கொட்டி வீணாப் போகும் எண்டு சரையை நானே மடியில வைச்சுக்கொண்டன். அவர் அதில இருந்து எடுத்து எடுத்துத் திண்டார்.

“இந்தப் பாட்டை பிலேந்திரன் நல்லாப் பாடுவான்” எண்டார்.

“எங்க. மேல போகேக்குள்ள எப்பவும் சுருதி பிசகும்.”

“ஓம். அதில பிசகும். பிசகினாப் போலதான் இன்னும் பலமாக் கத்துவான்.”

அவ்வளவுதான் கதைச்சது. நான் அவரோட கதைக்கேல்லை எண்டுதான் சொல்லவேணும். மங்களம் பாடி முடியுமட்டும் அப்பிடியே இருந்தம். அவர் கேட்டது கிடைக்கேல்லை. ஒரு சனம் அந்தப் பேரைச் சொல்லேல்லை. இந்த முறை நான் வெண்டிட்டன், பிள்ளை. இவ்வளவு வருசத்தில நேற்றுத்தான் வெண்டது.

அந்தா, மேளத்தை ஏத்தீட்டாங்கள். எழும்புங்கோ, முன்னுக்குப் போனால்தான் இருக்க இடம் கிடைக்கும். நனையாத பக்கமாப் பாத்து இருங்கோ.

இண்டைக்குக் காலமை ஆண்டுப் பூசைக்குப் போனன். முடிஞ்ச பிறகு சந்தியோகுமையோருக்கு ஒரு மெழுகுதிரி கொழுத்தி நேத்தி ஒண்டு வைச்சிட்டு வாறன். அந்தாளை இந்த வருசம் எடுக்கக்கூடாது. அடுத்த ஆடிக்கு முன்வரிசையில கொண்டுவந்து இருத்தவேணும். இருத்தினால் குதிரைக்கு ஒரு மூட்டை கடலை அவிச்சுத் தருவன் எண்டிருக்கிறன். கட்டு எண்டு சொல்லுவாரோ, கட்டாதை எண்டு சொல்லுவாரோ, எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் நான் மற்றதைத்தான் செய்வன். ஆனா அவர் வந்து சொல்லவேணும். அந்தாளும் செத்துப்போனால், சொல்லுங்கோ பிள்ளை, நான் ஆருக்கு முன்னால ஆடுறது.